டம்பர் டயரும் ‘தொழில்நுட்பக் கோளாறு’ம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சுரங்கத்தில் டம்பர் டயர் வெடித்தது, டம்பர் கவிழ்ந்தது என்று எப்போதாவது செய்தி வரும். அதில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’. உங்கள் நிருபர்களைக் குறை சொல்லவில்லை. அந்த வரியை அவர்கள் கையில் கொடுத்து அனுப்புவதே எங்களைப் போன்ற ஆட்கள்தான். நானும் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

திறந்தவெளிச் சுரங்கத்தின் டயர் பிரிவில் 26 வருடம் வேலை பார்த்தேன். ஹெல்ப்பராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றேன். டம்பர் என்பது சுரங்கத்தில் வெட்டியதைச் சுமக்கும் ராட்சத வண்டி; மணல் லாரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். 100 டன் ஏற்றும் டம்பரின் டயர், ஆள் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும். ஒரு டயர் மட்டுமே ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. இதைவிடப் பெரிய டம்பர்களில் 63 அங்குல ரிம்மில் ஓடும் டயர் நாலு மீட்டர் உயரம், ஐந்து டன்னுக்கு மேல் எடை. உள்ளே இருப்பது என்னவோ வெறும் காற்றுதான், 100 பி.எஸ்.ஐ. சுற்றுவட்டத்தில். லாரி டயரிலும் ஏறக்குறைய அதே அழுத்தம்தான். ஆனால் அங்கே ஒரு குடம் என்றால் இங்கே ஒரு அறை நிறைய அடைத்து வைத்திருக்கிறோம்.

லாரி டிரைவர்கள் இறங்கி ராடால் தட்டிப் பார்த்தே காற்று சொல்வார்கள். இந்த டயரை எதைக்கொண்டு தட்டினாலும் ஒரே ‘டொம்’தான். 100 இருக்க வேண்டிய இடத்தில் 60 இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர் ஜோடியாக இருக்கும். உள்டயர் தொய்ந்தால் வெளிடயர் சுமையைத் தாங்கிக்கொண்டு நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சுகமாகத்தான் தெரியும். இதற்காகத்தான் டயருக்கு உள்ளேயோ வால்விலோ ஒரு சென்சார் வைக்கிறார்கள். அது காற்றழுத்தத்தையும் சூட்டையும் அளந்து ரேடியோ அலையில் அனுப்பும். கேபினில் இருக்கும் சின்னத் திரையில் ஆறு டயருக்கும் எண் வரும். காற்று இறங்கினால், சூடு ஏறினால், ‘பீப்’ என்று கத்தும். டி.பி.எம்.எஸ்., அதாவது டயர் அழுத்தக் கண்காணிப்புக் கருவி, என்பது அவ்வளவுதான்.

டயருக்கு நம்பர் உண்டு. முன்னால் 1, 2. பின்னால் இடமிருந்து வலம் 3, 4, 5, 6. இதில் 4-ம் 5-ம் உள்டயர்கள். என் கதை 5-ஆம் நம்பரில்தான் ஆரம்பிக்கிறது.

இரவு ஷிஃப்ட். ஒரு டம்பர் டிரைவர் டயர் ஷெட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கத்தினார்: “அண்ணே, மறுபடியும் அஞ்சு கத்துது.” மறுபடியும் என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. முந்தின வாரம் அதே வண்டியில் அதே 5-இல் எண்ணுக்குப் பதில் வெறும் கோடுகள் வந்தன. பார்த்தோம், ஆண்டெனா கனெக்டரில் சேறு. துடைத்து மாட்டினோம், சரியாகிவிட்டது. அந்த நினைப்பிலேயே நான் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. “சென்சார் கோளாறு தம்பி, பழைய பிரச்சினைதான். ஓட்டு, காலைல பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, பதிவேட்டில் ‘5 – சென்சார் கோளாறு’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். காற்றழுத்தம் அளக்கும் கேஜை எடுத்து வால்வில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யவில்லை. டிரைவர் என்ன செய்வார், பாவம்! பீப் சத்தம் தாங்காமல் அது வரும் ஓட்டையின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிக்கொண்டு இரவு முழுக்க ஓட்டினார்.

காலையில் கேஜ் வைத்தேன். 61.

உள்டயருக்குக் காற்று ஏற்ற வெளிப்பக்கம் வரைக்கும் ஒரு நீட்டிப்புக் குழாய் வரும். இரண்டு டயருக்கும் நடுவில் மாட்டிய கல் ஒன்று அந்தக் குழாயின் இணைப்பைத் தேய்த்திருந்தது. சோப்புத் தண்ணீர் விட்டதும் மிளகு அளவுக்குக் குமிழ் வந்துகொண்டே இருந்தது. டேப்பைப் பிய்த்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். வலப்பக்க வெளிடயர் 6-இன் சூடு 84 டிகிரி. அதே வேலையைச் செய்யும் இடப்பக்க வெளிடயர் 3-இன் சூடு 62. அந்த இரண்டு எண்ணும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. 5-இன் சென்சார் பொய் சொன்னது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் பக்கத்து டயர் எதற்காகச் சூடேற வேண்டும்? தன் சுமையோடு 5-இன் சுமையையும் சேர்த்துச் சுமந்ததால்தான். இரண்டு சாட்சிகள் ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கின்றன. நான்தான் ஒருவர் வாயில் டேப்பை ஒட்டவிட்டேன்.

நிர்ணயித்த அழுத்தத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கி ஓடிய டயருக்கு அப்படியே காற்றேற்றி அனுப்பக் கூடாது. முழுக்க இறக்கி, கழற்றி, உள்ளே பார்க்க வேண்டும். கழற்றினோம். உள்ளே கை விட்டால் அடுப்புக்கரி மாதிரி ரப்பர் தூள் ஒட்டியது. பக்கச்சுவர் உள்ளுக்குள்ளேயே மடிந்து மடிந்து அரைபட்டிருந்தது. அந்த டயர் அன்றோடு போயிற்று. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகியிருந்தால் உங்கள் பத்திரிகையில் என்ன வரி வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பதிவேட்டில் நானே எழுதிக் கொடுத்திருந்தேனே.

அதற்குப் பிறகு என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த பையன்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இதுதான்: திரையில் எண் வந்தால் காற்றைப் பார்; கோடு வந்தால் கருவியைப் பார். பேட்டரி செத்த சென்சார் பெரும்பாலும் பேசாமல் போய்விடும். 98, 95, 91, 86 என்று பொறுமையாக இறங்கிக் காட்டும் வேலையை அது செய்வதில்லை. எண் இறங்கிக்கொண்டே வந்தால், காற்றும் இறங்குகிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று சொல்ல உரிமை உள்ள ஒரே ஆள், அளவு சரிபார்த்த கேஜ்.

கோடு வருவது வேறு சங்கதி. அதிலும் முதலில் எத்தனை டயருக்குக் கோடு என்று எண்ண வேண்டும். ஆறுக்கும் ஒரே நேரத்தில் போயிருந்தால் ஒரு சென்சாரையும் தொடாதீர்கள். ஆறு பேட்டரியும் ஒரே நாளில் பேசி வைத்துக்கொண்டு சாகாது. ஃபியூஸ், ரிசீவருக்கு வரும் கரண்ட், ஆண்டெனா கேபிள் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பின்டயர்கள் மட்டும் போயிருந்தால், பின்பக்க ஆண்டெனாவுக்குப் போகும் கேபிள் சேஸிஸில் எங்கே உரசுகிறது என்று கையால் தடவிக்கொண்டே போக வேண்டும். கண் ஏமாற்றும்; சேறு மூடியிருக்கும். வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய மறுநாள் இந்தப் புகார் வந்தால் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், தண்ணீர் சொட்டும். 

ஒரே ஒரு டயருக்கு மட்டும் கோடு என்றால், வண்டியை அரைச் சுற்று நகர்த்தச் சொல்வேன். சக்கரம் எந்தக் கோணத்தில் நின்றது என்பதைப் பொறுத்து, இரும்பு ரிம்மும் அச்சும் சிக்னலை மறைத்துவிடும். மண் அள்ளிப்போடும் ஷாவல் இயந்திரத்தின் பக்கத்தில் லோடுக்கு நிற்கும்போது காணாமல் போகும் 4-ஆம் நம்பர், நகர்ந்ததும் வந்துவிட்டால் சென்சார் நன்றாகவே இருக்கிறது. ஆண்டெனாவைத்தான் இடம் மாற்ற வேண்டும். சில சென்சார்கள் வண்டி வெகுநேரம் நின்றால் பேட்டரியை மிச்சப்படுத்தத் தூங்கும். ஓடத் தொடங்கிச் சில நிமிடம் கழித்தும் கோடுதான் என்றால், கையில் பிடிக்கும் ரீடரை டயர் அருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். ரீடருக்குக் கேட்கிறது, கேபினுக்குக் கேட்கவில்லை என்றால் வழியில் கோளாறு. ரீடருக்கும் கேட்கவில்லை என்றால்தான் சென்சார் போயிற்று என்று எழுதலாம். உள்ளே ஒட்டிய சென்சார் என்றால் டயரைக் கழற்றாமல் கை வைக்க முடியாது. அதுவரை அந்த டயருக்குக் காவல் இல்லை என்று அர்த்தம். ஷிஃப்டுக்கு ஒரு முறை கேஜ் வைத்து எழுத வேண்டும். ‘சென்சார் வந்ததும் மாற்றப்படும்’ என்று எழுதிவிட்டு ஒரு மாதம் ஓட்டுவதும் உண்டு. அதைக் கோளாறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எல்லாவற்றையும்விட எங்களை அலைக்கழித்தது டயர் இடம் மாற்றும் வேலை. புது டயரை முன்னால் மாட்டி, கொஞ்சம் தேய்ந்ததும் பின்னால் மாற்றுவது வழக்கம். டயர் போகும்போது உள்ளிருக்கும் சென்சாரும் கூடவே போகும். ஆனால் திரைக்கு அது தெரியாது. ஒவ்வொரு சென்சாருக்கும் உள்ள அடையாள எண்ணை, இது இனி 4-இல் இருக்கிறது என்று நாம்தான் மாற்றி எழுத வேண்டும். அவசரத்தில் விட்டுவிடுவோம். ஒரு தடவை 2-இல் காற்று கம்மி என்று கத்தியது. கேஜ் வைத்தால் 2 அப்பழுக்கில்லாமல் 101. இரண்டாவது கேஜ் வைத்தாலும் 101. சரி, சென்சார்தான் தப்பு என்று அனுப்பிவிட்டார்கள். என் கெட்ட அனுபவம் எனக்கு நல்ல வாத்தியார். திரும்பக் கூப்பிட்டு ஆறு டயருக்கும் கேஜ் வைக்கச் சொன்னேன். 4 இறங்கியிருந்தது. பத்து நாளுக்கு முன்னால் 2-இலிருந்து 4-க்குப் போன டயர் அது. சென்சார் சத்தியத்தைத்தான் சொன்னது, விலாசம் பழசு. அப்புறம் ஒரு வழக்கம் வைத்தோம். டயர் மாற்றி, வேண்டிய அழுத்தத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே காற்றேற்றிவிட்டு, வண்டியை வெளியே விடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் நாலைந்து பி.எஸ்.ஐ. இறக்கிச் சரியான அளவுக்குக் கொண்டுவருவோம். கேபினில் இருக்கும் ஆள் எந்த நம்பர் இறங்குகிறது என்று குரல் கொடுப்பார். வெளியே கைவைத்த டயரும் உள்ளே சொன்ன நம்பரும் ஒன்றாக இருந்தால்தான் கையெழுத்து.

சூடான டயரில் காற்றைத் திறந்துவிடும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 25 டிகிரியில் 100 காட்டும் டயர், ஓடி ஓடி உள்காற்று 75 டிகிரி ஆனதும் 119 காட்டும். இது தப்பே இல்லை, காற்றின் இயல்பு. விவரம் தெரியாதவர் ‘கூடிப்போச்சு’ என்று பதறி, வால்வை அழுத்தி 100-க்கு இறக்கிவிடுவார். அந்த டயர் ஆறினால் 84-தான் இருக்கும். மறுநாள் காலை முதல் டிரிப்பிலேயே திரை கத்தும். டயரில் ஓட்டை இல்லை, வால்வில் கசிவு இல்லை, ஆகவே சென்சார் தப்பு என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். இப்படி நல்ல சென்சாரைக் கழற்றி எறிந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்தப் பெரிய டயர் முழுக்க ஆற ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஆறின டயரில்தான் அழுத்தம் சரிபார்க்க வேண்டும். ஓடி வந்த டயரில் பார்த்தால், சூட்டையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பாதி அலாரம் அளவுகளை இப்படிக் கணக்குப் போடாமலே வைத்திருப்பார்கள்.

கேஜும் தெய்வமில்லை. கீழே விழுந்த கேஜ் ஐந்து, ஆறு பி.எஸ்.ஐ. தள்ளிக் காட்டும், விழுந்ததை யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் ஒரு கேஜை மட்டும் பெட்டியில் பூட்டி வைத்து, மற்றவற்றை வாரம் ஒரு முறை அதோடு ஒப்பிடுவோம். பெட்டிச் சாவி என் இடுப்பில். ஆறு டயருமே கேஜைவிடத் திரையில் 15 கூடுதலாகக் காட்டினால் அது வேறு: சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துச் சொல்கிறது, அமைப்பில் மாற்றினால் தீர்ந்தது. வால்வில் வெளியே மாட்டும் சென்சார்கள் சூட்டு விஷயத்தில் அத்தனை நம்பகமில்லை. காற்றும் வெயிலும் பட்டுக்கொண்டு இரும்பின் சூட்டைச் சொல்லும், உள்காற்றின் சூட்டைச் சொல்லாது.

கேஜ் வை, கேஜ் வை என்று இவ்வளவு நேரம் சொன்னேன். வைக்கவே கூடாத நேரமும் ஒன்று இருக்கிறது. ஒரு சக்கரத்தில் சூடும் அழுத்தமும் சேர்ந்து விடாமல் ஏறுகின்றன, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, ரப்பர் கருகும் வாசனையோ புகையோ வருகிறது என்றால் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. பிரேக் தீயோ, இடியோ, மேலே போகும் மின்கம்பியைத் தொட்டதோ, ரிம்மில் வெல்டிங் வைத்ததோ, எதுவானாலும் உள்ளே ரப்பர் வெந்து ஆவியாகி, அந்த ஆவி உள்ளிருக்கும் காற்றோடு சேர்ந்து தீப்பிடித்து வெடிக்கும். உடனே வெடிக்க வேண்டும் என்றில்லை, சில மணி நேரம் கழித்தும் வெடிக்கும். சுற்றிலும் 300 மீட்டர், ஒரு நாள் முழுக்க, ஆள் நடமாட்டமே கூடாது என்பது விதி. டயரில் நைட்ரஜன் நிரப்பச் சொல்வதும் இதற்காகத்தான், உள்ளே எரிய ஆக்ஸிஜன் இருக்காது. ‘சென்சார் சும்மா கத்துது, போய்ப் பாத்துட்டு வா’ என்று ஹெல்ப்பரை அனுப்பும் ஃபோர்மேன்களை எனக்குத் தெரியும். அவர் அனுப்புவது எதற்கு என்று அவருக்கே தெரிவதில்லை.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் ‘சென்சார் கோளாறு’ என்று எழுதுகிறோம் என்றால், அது யாரையும் நோகடிக்காத வார்த்தை. காற்று கம்மி என்று எழுதினால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் டிரிப் குறையும், ஷிஃப்ட் முடிவில் இஞ்சினியர் கேட்பார், அவரை மேலே இருப்பவர் கேட்பார். சென்சார் கோளாறு என்றால் வண்டியும் ஓடும், பதிவேடும் நிறையும். நான் வேலை பார்த்த இடத்தில் பீப்பை அணைக்கும் பட்டன் டிரைவர், எலக்ட்ரீஷியன், மேற்பார்வையாளர் எல்லாருக்கும் கைக்கெட்டியது. யார் அணைத்தார் என்று எங்கும் பதிவாகாது. கடைசி இரண்டு வருடத்தில், கேஜில் வந்த எண்ணை எழுதாமல் அலாரத்தை அணைக்கக் கூடாது என்று டயர் பிரிவில் மட்டும் கட்டுப்பாடு கொண்டுவர முடிந்தது. அதற்கே முகச்சுளிப்பு.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை இப்படி ஒரு விபத்துச் செய்தி வரும்போது, ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு நிருபர் திரும்பிவிட வேண்டாம். கடைசி 24 மணி நேரத்தில் அந்தத் திரை எந்த டயருக்குக் கத்தியது, யார் அணைத்தார், கேஜ் வைத்தார்களா, வைத்தால் என்ன எண் என்று கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கருவிகள் அந்த விவரத்தைச் சேமித்து வைத்திருக்கும். இல்லை என்று சொன்னால் டயர் பிரிவின் பதிவேட்டைக் கேட்கலாம். அதில் ‘சென்சார் கோளாறு’ என்று எழுதிப் பக்கத்தில் எண் எதுவும் இல்லாமல் இருந்தால், என்னைப் போல ஒருவர் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

என் பெயரையும் சுரங்கத்தின் பெயரையும் வெளியிட வேண்டாம். என்னிடம் வேலை கற்ற பையன்கள் மூன்று பேர் இன்னும் அதே ஷெட்டில் இருக்கிறார்கள். பூட்டிய கேஜ் பெட்டியின் சாவி இப்போது அவர்களில் ஒருவரிடம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டயர் பிரிவு ஃபோர்மேன்